ஆசிரியர் எழுதாத வரிக்கு ஒரு படம்: வாசகர் கேள்விகளும் ஓவியரின் பதில்களும்

சென்ற இதழில் சரித்திரத் தொடர்களுக்குப் படம் வரைவதைப் பற்றி நான் எழுதியிருந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டுப் பல வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான கடிதங்கள் கதைப் புத்தக ஓவியரின் வேலையைப் பற்றியே கேட்டிருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

*

கேள்வி: கதையாசிரியர் எல்லாவற்றையும் எழுதிவிட்ட பிறகு ஓவியருக்கு என்ன மிச்சம் இருக்கிறது? ஓர் அத்தியாயத்தில் எந்தக் காட்சியை வரைவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: இதற்கான விடையை நான் ஒரே ஒரு படத்திலிருந்துதான் கற்றுக்கொண்டேன். ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ நாவலுக்கு அமெரிக்க ஓவியர் என்.சி. வயத் வரைந்த படங்கள் 1911இல் நியூயார்க்கின் ஸ்கிரிப்னர் பதிப்பில் வெளிவந்தன. அப்போது அவருக்கு வயது 28. கதையில் சிறுவன் ஜிம் புதையலைத் தேடிக் கப்பலேறப் புறப்படுகிறான். ஸ்டீவன்சன் அந்தப் பிரிவுக்குச் செலவிடுவது ஏறத்தாழ ஒரு வாக்கியம்தான்: அம்மாவிடமும், பிறந்து வளர்ந்த கடற்கரையிடமும், வீடாக இருந்த விடுதியிடமும் விடைபெற்றேன் என்று ஜிம் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறான். புதையலை நினைத்துக்கொண்டிருக்கும் பையனுக்கு அதற்குமேல் சொல்லத் தோன்றாது என்பதால், எழுத்தில் அது மிகச் சரியான சிக்கனமே. ஆனால் வயத் அந்த ஒரு வாக்கியத்தில் நின்றுவிட்டார். அவருடைய படத்தில் ஜிம் கையில் மூட்டையோடு நம்மை நோக்கி நடந்து வருகிறான். அவனுக்குப் பின்னால், வீட்டின் அருகில், தாய் தலைகுனிந்து முகத்தைத் துணியில் புதைத்து அழுதுகொண்டிருக்கிறாள். பையன் திரும்பிப் பார்க்கவில்லை. கதையைச் சொல்பவன் ஜிம். அவன் பார்க்காததைக் கதை சொல்ல முடியாது, ஆனால் படம் சொல்ல முடியும். ஓவியருக்கு மிச்சம் இருப்பது எது என்று கேட்டீர்களே, இதுதான் அது.

வாள் சண்டையையும் கப்பல் தீப்பிடிப்பதையும் நல்ல எழுத்தாளர் வாசகரின் கண்ணுக்குள் ஏற்கெனவே வரைந்துவிட்டிருப்பார். அதையே நாமும் வரைந்தால் ஒரே செய்தியை இருமுறை சொன்னதாகும். எழுத்து வேகமாகக் கடந்துபோகும் இடத்தில் யார் தனியாக நின்றுவிட்டார், யாருடைய முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை என்று தேடுங்கள். அதே புத்தகத்தில் குருடன் பியூவைக் கூட்டாளிகள் கைவிட்டு ஓடியபின், நிலவொளியில் வெறிச்சோடிய பாதையில் அவன் கோலால் துழாவிக்கொண்டு தடுமாறும் படமும் உண்டு. அந்த நிமிடம் வரைக்கும் நாம் அஞ்சிய கொடியவனுக்காக அந்தப் படத்தின் முன் மனம் இளகுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புத்தகத்தில் உள்ளங்கை அளவுக்கே அச்சாகும் அந்தப் படங்களை வயத் ஏறக்குறைய நான்கடி உயரமுள்ள கித்தானில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். சிறிய படம்தானே என்று உடலையும் மனத்தையும் சிறிதாக்கிக்கொள்ளாமல் வேலை செய்ததால்தான், சுருங்கி அச்சான பிறகும் அவற்றின் கனம் குறையவில்லை என்று நினைக்கிறேன். அந்த வேலைக்கு அவருக்குக் கிடைத்த ஊதியம் 2,500 டாலர். அதைக் கொண்டு பென்சில்வேனியாவின் சாட்ஸ் ஃபோர்டு என்ற ஊரில் நிலம் வாங்கி வீடும் ஓவியக் கூடமும் கட்டிக்கொண்டார். அந்தக் கூடத்தை இன்றும் பார்வையாளர்களுக்காகப் பாதுகாத்து வருகிறார்கள்.

*

கேள்வி: சரித்திரக் கதைக்குப் படம் வரையும்போது உண்மைக்கு எவ்வளவு கட்டுப்பட வேண்டும்? கதையே கற்பனை என்னும்போது படத்தில் மட்டும் ஆராய்ச்சி எதற்கு என்று என் நண்பர் கேட்கிறார்.
(பள்ளி ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: உங்கள் நண்பருக்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லுங்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில், சோழர் காலக் கதை ஒன்றுக்காக அரண்மனை மடைப்பள்ளியை வரைந்தேன். உறியும் உரலும் பெரிய தவலையும் வரைந்த கையோடு, ஒரு முறத்தில் மிளகாய் வற்றலைப் பரப்பியும் வைத்துவிட்டேன். இதழ் வெளிவந்த வாரத்தில் தஞ்சை மாவட்டத்திலிருந்து ஒரு முதியவர் அஞ்சலட்டை எழுதினார். ராஜராஜனின் சமையற்காரர்களிடம் மிளகுதான் இருந்திருக்கும், மிளகாய் போர்த்துகீசியர் வந்தபிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, அவர்கள் கோழிக்கோட்டில் இறங்கியதே 1498இல்தான் என்று அமைதியாகச் சுட்டிக்காட்டியிருந்தார். அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். அன்றுமுதல் எந்தச் சரித்திரப் படத்தையும் தொடங்குமுன், அந்தக் காலத்தில் எது இருந்தது என்பதைக் காட்டிலும் எது இருந்திருக்க முடியாது என்பதையே முதலில் எழுதிக்கொள்கிறேன். தக்காளி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, பப்பாளி மரம் இல்லை, முந்திரி இல்லை. கடற்கரைக் காட்சிக்கு நம் கை தானாக வரையும் சவுக்குத் தோப்பு, 19ஆம் நூற்றாண்டில்தான் சோழமண்டலக் கரையில் பெருமளவில் நடப்பட்டது. பொட்டல் வெளி என்றதும் நினைவுக்கு வரும் சீமைக் கருவேலமும் அந்த நூற்றாண்டில் வந்ததே. பல்லவர் காலத்து வீரன் சீமைக் கருவேல மரத்தடியில் குதிரையைக் கட்டினால், ஆடையும் கிரீடமும் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தப் படம் பொய்யாகிவிடுகிறது.

கதை கற்பனையாக இருப்பதால்தான் இந்தக் கவனம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வாசகர் ஓர் இட்டுக்கட்டிய இளவரசனை நம்ப வேண்டுமானால், அவன் கைவைத்திருக்கும் தூண் நிஜமாக இருக்க வேண்டும். சோழர் காலத்துக்கு நமக்கு அரிய கருவூலமே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குச் செல்லும் காட்சி அங்கே இருக்கிறது. சோழர் காலத்துக் குதிரையை ஒரு சோழர் காலத்து ஓவியனே வரைந்து காட்டியிருக்கும்போது, நாம் திரைப்படக் குதிரையைப் பார்த்து வரைய வேண்டிய அவசியம் என்ன? அந்த உள்சுற்றுக்குள் எல்லாரையும் அனுமதிப்பதில்லை என்றாலும், ஓவியங்களின் நல்ல ஒளிப்படங்கள் அச்சில் கிடைக்கின்றன. செப்புத் திருமேனிகளோ அருங்காட்சியகங்களில் எல்லார் கண்ணுக்கும் எட்டுகின்றன. கச்சையின் முடிச்சும் தோள்வளையும் எப்படி அமைந்தன என்பதை அவற்றைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லாது. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தபோது மணியம் வரைந்த படங்களில் இந்தச் சிலைகளின் நிற்கும் பாங்கும் கொண்டையின் வளைவும் மூச்சு விடுவதைக் காணலாம். வந்தியத்தேவனை எண்ணும்போது பலருக்கு மணியத்தின் கோடுகள்தான் கண்முன் வருகின்றன. அந்த உரிமையை அவர் உழைத்துப் பெற்றார்.

ஓவியரின் கற்பனையே வரலாறாக மாறிவிடுவதும் உண்டு. வயத்தின் ஆசிரியரான ஹோவர்ட் பைல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடற்கொள்ளையரை நிறைய வரைந்தார். அவர்கள் உண்மையில் அணிந்தது பெரும்பாலும் சாதாரண மாலுமிகளின் உடைதான். தலையில் கட்டிய துணி, இடுப்பில் சுற்றிய அகலமான வண்ணக் கச்சை, காதில் வளையம் என்று அவர்களுக்கு ஒரு தோற்றத்தை வகுத்து, அதை உலகெங்கும் நிலைநிறுத்தியதில் பெரும் பங்கு பைலுடையது. இன்று திரைப்படத்திலும் குழந்தைகளின் மாறுவேடப் போட்டியிலும் வருபவர் அவருடைய கொள்ளையரே. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, அந்தப் படங்கள் அவ்வளவு அழகானவை. ஆனால் ஒரு நல்ல ஓவியரின் பிழை ஓர் அறிஞரின் பிழையைவிட நீண்ட காலம் வாழும் என்பது தெரிந்தபிறகு, நம் கை கொஞ்சம் பொறுப்போடு அசையத்தானே வேண்டும்?

*

கேள்வி: புகைப்படத்தைப் பார்த்து வரைவது தவறா?
(வாசகர், ஈரோடு)

பதில்: தவறில்லை. பாயும் குதிரை முன்கால்களை முன்னோக்கியும் பின்கால்களைப் பின்னோக்கியும் ஒரே நேரத்தில் நீட்டிப் பறப்பதாகவே நூற்றாண்டுகளாக ஓவியர்கள் வரைந்துவந்தார்கள். 1878இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாக 12 கேமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படமெடுத்தபோதுதான், நான்கு கால்களும் தரையை விட்டு நீங்கும் கணத்தில் அவை வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கின்றன என்பது தெரிந்தது. அவ்வளவு காலம் கண் ஏமாந்ததைப் புகைப்படம் திருத்தியது. ஆனால் ஒரே புகைப்படத்தை அப்படியே நகலெடுக்காதீர்கள். பத்துப் படங்களைப் பார்த்துவிட்டு, அவற்றை மூடி வைத்துவிட்டு வரையுங்கள். நகலெடுத்த குதிரை பக்கத்தில் இருக்கும் மற்ற உருவங்களோடு ஒருபோதும் ஒட்டுவதில்லை.

*

கேள்வி: விலங்குக் கதைகளில் நரிக்குச் சட்டையும் முயலுக்குக் கண்ணாடியும் போட்டு வரைகிறார்கள். இது குழந்தைகளுக்கு விலங்கைப் பற்றித் தவறான எண்ணத்தைத் தராதா?
(நூலகர், மதுரை)

பதில்: சட்டை போட்டதால் கெடுவதில்லை, சட்டைக்குள் முயல் இல்லாமல் போவதால்தான் கெடுகிறது. பீட்ரிக்ஸ் பாட்டரின் முயலை எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்பாளர்கள் மறுத்தபின் 1901இல் 250 பிரதிகளைத் தம் செலவில் அச்சிட்டுப் பிறகு 1902இல் பதிப்பகம் வழியாக வெளிவந்த அந்தச் சிறு புத்தகத்தில், பீட்டர் என்ற முயல்குட்டி நீலச் சட்டையும் செருப்பும் அணிந்து இரண்டு காலில் நிற்கிறது. தோட்டக்காரர் துரத்தும்போது செருப்புகள் கழன்றுபோகின்றன. உடனே அது நான்கு காலில் இன்னும் வேகமாக ஓடுகிறது. சட்டையும் வலையில் சிக்கிக் கழன்றுவிட, மீதிக் கதையில் நாம் பார்ப்பது சுத்தமான முயலை. உயிர் ஆபத்தில் சிக்கியதும் மனித வேடம் கலைந்து விலங்கு வெளிப்படுவதை எந்த விளக்கமும் இல்லாமல் ஒரு குழந்தைக்குப் புரியவைத்துவிட்டார் பாட்டர். அவர் வீட்டிலேயே முயல்களை வளர்த்து, அவை தூங்குவதையும் தின்பதையும் ஆண்டுக்கணக்கில் வரைந்தவர். இறந்த விலங்குகளின் எலும்புக்கூட்டைக்கூடப் படித்தவர். எலும்பு தெரிந்தவர் தைத்த சட்டை என்பதால்தான் அது முயலின் தோளில் பொருந்துகிறது.

இதைவிடக் கடினமான சிக்கல் அளவு. கென்னத் கிரஹாம் 1908இல் வெளியிட்ட, ஆற்றங்கரை விலங்குகளைப் பற்றிய நாவலில் ஒரு தேரை மோட்டார் காரைத் திருடி ஓட்டுகிறது, சலவைக்காரி வேடம் போட்டுச் சிறையிலிருந்து தப்புகிறது, படகோட்டும் பெண்ணோடு நின்று பேசுகிறது; பிறகு அதே பெண் அருவருத்து அதன் காலைப் பிடித்துத் தூக்கித் தண்ணீரில் எறிந்துவிடுகிறாள். அப்படியானால் அந்தத் தேரையின் உயரம்தான் என்ன? எழுத்தில் இந்தக் கேள்வி எழுவதேயில்லை, ஆனால் ஓவியர் பதில் சொல்லாமல் ஒரு கோடும் போட முடியாது. முதல் பதிப்பு முகப்புப் படம் ஒன்றோடு மட்டும் வந்ததற்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். 1931இல் எர்னஸ்ட் ஷெப்பர்ட் வரைந்த படங்கள் இதைத் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் ஒரே அளவைப் பிடித்துக்கொள்ளவில்லை. விலங்குகள் தமக்குள் இருக்கும்போது வளையும் நாற்காலியும் அவற்றின் அளவுக்குப் பொருந்துகின்றன, மனிதர்கள் வரும்போது தேரை வேண்டிய அளவுக்கு வளர்ந்துகொள்கிறது, புல்லும் நீரும் மட்டும் எப்போதும் உண்மையாக இருக்கின்றன. ஷெப்பர்ட் வரையத் தொடங்குமுன் முதுமையில் இருந்த கிரஹாமை நேரில் சந்தித்து, கதை நடக்கும் ஆற்றங்கரையைப் பற்றிக் கேட்டறிந்து, அந்தக் கரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டவர். படங்கள் வெளிவந்த மறு ஆண்டில் கிரஹாம் காலமானார்.

*

கேள்வி: நேரில் பார்க்காத விலங்கை வரையலாமா? எங்கள் ஊரில் புலியைப் பார்க்க வழியில்லை.
(பிளஸ் டூ மாணவர், விருதுநகர்)

பதில்: வரையலாம், ஆனால் எதைப் பார்க்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1515இல் குஜராத் சுல்தான் கொடுத்த ஒரு காண்டாமிருகத்தைப் போர்த்துகீசியர் கப்பலில் லிஸ்பனுக்குக் கொண்டுபோனார்கள். ஜெர்மனியில் இருந்த ஆல்பிரெக்ட் டூரர் அதைப் பார்க்கவில்லை. அங்கிருந்து வந்த கடித வருணனையையும் ஒரு சிறு வரைபடத்தையும் கொண்டே மரச்செதுக்கு அச்சில் அதை உருவாக்கினார். நம் காண்டாமிருகத்தின் தோல் மடிப்புகள் அந்தப் படத்தில் ஆணி அடித்த இரும்புக் கவசத்தைப்போல ஆகிவிட்டன. முதுகில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பும் முளைத்துவிட்டது. அந்தக் கொம்பை ஐரோப்பியப் புத்தகங்கள் 200 ஆண்டுகளுக்கும் மேலாக நகலெடுத்துக்கொண்டே இருந்தன. டூரரைவிடக் கூரிய கண்ணுள்ள ஓவியர் அரியவர். அவருக்கே இந்தக் கதி என்றால் நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

புலிக்கு வழியில்லை என்றால் பூனை இருக்கிறது. தோள்பட்டை எலும்பு முதுகுக்கு மேல் எழுந்து இறங்குவதையும், பதுங்கும்போது வயிறு தரையை ஒட்டுவதையும் வீட்டுப் பூனையிடமே கற்றுக்கொள்ளலாம். தலையின் பருமனையும் கழுத்தின் கனத்தையும் வண்டலூருக்கு ஒருமுறை போய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ருட்யார்ட் கிப்ளிங்கின் காட்டுக் கதைகள் 1894இல் புத்தகமானபோது படம் வரைந்தவர்களில் அவருடைய தந்தை ஜான் லாக்வுட் கிப்ளிங்கும் ஒருவர். 1865இல் பம்பாயின் கலைப்பள்ளிக்கு ஆசிரியராக வந்து, பிறகு லாகூரில் கலைப்பள்ளி முதல்வராகவும் அருங்காட்சியகக் காப்பாளராகவும் இருந்தவர். இந்திய மக்களும் விலங்குகளும் சேர்ந்து வாழும் முறையைப் பற்றி 1891இல் ஒரு தனிப் புத்தகமே எழுதியவர். வண்டி மாட்டையும் கோயில் யானையையும் தெருக் குரங்கையும் பல்லாண்டுகள் பார்த்துப் பழகிய கண்ணின் உறுதி அவருடைய காட்டு விலங்குகளிலும் தெரிகிறது.

*

கேள்வி: ஓவியர் எழுத்தாளர் சொல்வதைத்தான் கேட்க வேண்டுமா? கருத்து வேறுபட்டால் யார் விட்டுக்கொடுப்பது?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதைக்கு 42 படங்கள் வரைந்த ஜான் டெனியல், 1865இல் அச்சான முதல் 2,000 பிரதிகளில் தம் படங்கள் பதிந்த விதம் திருப்தியாக இல்லை என்று சொன்னார். கரோல் அந்தப் பதிப்பை நிறுத்தி, மறுபடியும் அச்சிட வைத்தார். இரண்டாம் ஆலிஸ் புத்தகத்தின்போது, பொய்முடி அணிந்த குளவி வரும் பகுதி தம்மைக் கவரவில்லை, அதற்குப் படம் வரைய வழி தெரியவில்லை என்று டெனியல் எழுத, கரோல் அந்தப் பகுதியையே நீக்கிவிட்டார். இப்படி விட்டுக்கொடுக்கும் ஆசிரியர் அமைவது அரிது. டெனியல் தம் பெருமைக்காக வாதாடவில்லை, புத்தகத்துக்காக வாதாடினார் என்பதைக் கரோல் உணர்ந்திருந்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். என் அனுபவத்தில், கதாபாத்திரத்தின் வயது, காயம், கண்ணின் நிறம் போன்றவற்றில் எழுத்தே சட்டம். எந்தக் கணத்தை, எந்தக் கோணத்தில், எவ்வளவு இருட்டில் காட்டுவது என்பதை ஓவியரிடம் விட்டுவிட வேண்டும்.

*

கேள்வி: ஏற்கெனவே ஒருவர் வரைந்து புகழ்பெற்ற கதையை இன்னொருவர் மறுபடியும் வரைவது சரியா? பழைய முகங்கள் மனத்தில் பதிந்துவிட்டனவே?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சென்னை)

பதில்: பதிந்த முகம் சில சமயம் எழுத்தில் இல்லாததாகவும் இருக்கும். துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸின் அடையாளமாகிவிட்ட ‘டீர்ஸ்டாக்கர்’ என்ற காதுமடல் தொப்பியை அந்தப் பெயரால் கதாசிரியர் கோனன் டாயில் எங்கும் குறிப்பிடவில்லை. ஒரு கதையில் தலையை ஒட்டிய துணித் தொப்பி என்று மட்டுமே எழுதியிருந்ததை, 1891இல் ‘ஸ்ட்ராண்ட்’ இதழின் ஓவியர் சிட்னி பேஜட் அந்த வடிவத்தில் வரைந்தார். அது கதையின் உடைமையாகவே ஆகிவிட்டது. எனவே புதிதாக வரைபவர் பழைய படங்களைப் பார்க்காமல் முதலில் எழுத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். ‘பொன்னியின் செல்வ’னை இனி வரையும் இளைஞர் மணியத்தின் பூங்குழலியைத் திரும்ப வரைந்தால் அது நகல், கல்கி எழுதிய பூங்குழலியை மறுபடி படித்து, கோடிக்கரையின் காற்றையும் உப்பையும் நேரில் அனுபவித்துவிட்டு வரைந்தால் அது அவருடைய பூங்குழலி. இரண்டும் அருகருகே இருக்கலாம், எனக்கு அதில் வருத்தமில்லை.

*

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டு ஆட்டை மட்டுமே திரும்பத் திரும்ப வரைகிறாள். வேறு எதையாவது வரையச் சொல்லலாமா? எந்த வண்ணங்கள் வாங்கித் தரலாம்?
(தாய், புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்: அம்மா, தயவுசெய்து வேறு எதையும் வரையச் சொல்லாதீர்கள். வண்ணங்களும் இப்போது வேண்டாம்; ஒரு 2பி பென்சிலும் கோடு போடாத நோட்டும் போதும். ஆடு படுத்திருக்கும்போதும், குழை தின்னும்போதும், குட்டிக்குப் பால் கொடுக்கும்போதும் வரையட்டும். அழிரப்பரை ஒளித்து வைத்துவிடுங்கள்; தவறிப்போன கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடப் பழகட்டும். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தேதி எழுதச் சொல்லுங்கள். ஓர் ஆண்டு கழித்து முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் எங்களுக்கு அனுப்பினால், இதே பகுதியில் இரண்டையும் அருகருகே வெளியிடுவேன்.